எது உன் படம், தர்ஷினி?

என் தங்கமே தர்ஷினி,

நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. மூன்றாம் வகுப்பு படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

கூலிம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கைப்பேசியைத்தான் நீட்டுவாய். வானத்துக்கு மேலே நிற்கிற தொலைநோக்கி எடுத்த படமாம், நெபுலாவாம். "இங்கதாம்மா நட்சத்திரம் பொறக்குது, பாருங்களேன்" என்பாய். "பொறக்கட்டும், நீ மொத சாப்புடு லா" என்பேன். ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தேனா?

அதில் ஒன்றைச் சுங்கை பட்டாணி போட்டோ கடையில் பெரிதாக அச்சடித்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினாய். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைத்துவிட்டேன்.

"அம்மா, அது சாமி இல்ல. வெறும் தூசியும் வாயுவும்."

"மேடைகிட்ட மாட்டுனா வைக்கத்தான் செய்வேன். வேணாம்னா உன் ரூம்ல மாட்டிக்க."

நீ கழற்றவில்லை. நானும் நிறுத்தவில்லை.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று வழக்கப்படி சாமி படங்களைத் துணி போட்டு மூடினார்கள். பொட்டு இருந்ததால் நீ மாட்டிய நெபுலா படத்தையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பதினாறாம் நாள் துணியை எடுத்தபோது உன் அத்தை கேட்டாள்.

"இது எந்த சாமி அண்ணி?"

"சாமி இல்ல. அவ ஆசையா மாட்டுனது."

"சாமி இல்லாததுக்குப் பொட்டு வச்சா வீடு தாங்குமா?"

நான் வைத்த பொட்டுதான் உன்னைக் கொன்றதோ என்று நம்பிவிட்டேன் கண்ணு. நானே கழற்றிக் கொடுத்தேன். கோத்தா கோலா மூடாவில் மாலைகளோடு கடலில் விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் அந்த வெறும் சுவரைப் பார்த்தபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

நேற்று அந்தப் போட்டோ கடைக்குப் போனேன்.

"பழைய படமெல்லாம் இங்க அழிச்சாச்சு. பேரு தெரியாம எப்படி லா தேடுறது ஆன்ட்டி? அவங்க போன்ல இல்லயா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பூட்டியிருக்கு. நம்பர் தெரியாது. செவப்பா இருக்கும், நீலமும் இருக்கும்."

"எல்லாத்துலயும் செவப்பும் நீலமும்தான் ஆன்ட்டி."

கம்ப்யூட்டரில் வரிசையாகக் காட்டினாள். எல்லாம் உன்னுடையது போலவே இருந்தது. ஒன்றும் உன்னுடையதாக இல்லை. இரண்டு வருடம் அதன் பக்கத்தில் விளக்கேற்றியவள், நடுவில் நான் வைத்த பொட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் என்ன இருந்தது? அங்கேதான் நட்சத்திரம் பிறந்ததா?

கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அந்தப் பெண் நாற்காலி போட்டு, "கடை சாத்துற வரைக்கும் பாருங்க ஆன்ட்டி" என்றாள்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். கிடைக்காமலே போகலாம், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும், நீ பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நேரம் விளக்கிச் சொல்வாயோ, அவ்வளவு நேரம் பார்ப்பேன். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போக மாட்டேன். இது சத்தியம்.

உன்னை விட்டால் வேறு பிள்ளை இல்லாத
உன் அம்மா