இலையில் நிற்காத துளி

நைனார்பாளையம்
கார்த்திகை மாதம்

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அப்பா தீனதயாளன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் நீ பெயர் வைத்துவிட்டுப் போன சோம்பேறி நாயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வாரங்கலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதைக் கட்டிக்கொண்டு, அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் அம்மா நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை அதுதானே நடந்தது. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. முழுதாகப் படி, பிறகு கோபப்படு.

நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. அம்மா ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் அழுகிறாள், அப்பா கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓசூருக்கே போய்விட வேண்டும், பழைய பசை கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை தருகிறேன் என்கிறார்கள், அதை விட்டால் பைத்தியக்காரத்தனம் என்றாய். அம்மா அழுதது உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. போலீஸ் வந்த மறுநாள் பால் ஊற்றப் போய்விட்டு வந்து, ஊரே நம்மள மூக்காலதான் பாக்குது என்று சொல்லி அழுதாள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவள் உனக்குச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நீ கம்ப்யூட்டர் படிக்கிறவள், அதனால் எளிமையாகச் சொல்கிறேன், கொட்டாவி விடாதே. மரவள்ளி இலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீரை விட்டால் துளி முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். இலையைப் பிடித்திருக்கும் மாவுப்பூச்சியோ அதற்கும் மேல், தன் உடம்பு முழுக்க வெள்ளை மெழுகைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்து அடித்தால் அதன் மேல் படுவதே இல்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள், படவில்லையா, இன்னும் காரமாக அடி, அதற்கும் படவில்லையா, இன்னொரு மருந்தைச் சேர்த்து அடி. எல்லாம் உருண்டு மண்ணில் விழுகிறது, அடிக்கிறவன் காலில் விழுகிறது. நம் ஊரில் கூலிக்கு மருந்தடிக்கிற பாவாடை அண்ணன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோய் என்னிடம் வந்து நின்றார். இன்னாபா தயாளு, நான் பூச்சிக்கு அடிக்கிறனா, என் காலுக்கு அடிக்கிறனா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓசூரில் அத்தனை வருஷம் நான் பார்த்த வேலையே ஒட்டாத பரப்பில் ஒன்றை ஒட்ட வைப்பதுதான். செருப்புக்கும் அட்டைப்பெட்டிக்கும் செய்ததை இலைக்குச் செய்ய முடியாதா? பூந்திக்கொட்டை நுரை தண்ணீரின் இறுக்கத்தைத் தளர்த்தும், துளி உருளாமல் படுத்துக்கொள்ளும். ஜவ்வரிசி ஆலையில் மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பி, அந்தச் சக்கையில் இன்னும் மாவு இருக்கிறது. அதைக் காய்ச்சினால் பசை. நுரை பரப்பும், பசை பிடித்துக்கொள்ளும். மருந்தின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். இதுதான் நான் கொட்டகையில் செய்கிற திருட்டு வேலை.

தகராறு எங்கே வந்தது என்றால் டிரம்மில் வந்தது. பூந்திக்கொட்டையின் சத்தை இறக்குவதற்கு ஸ்பிரிட் வாங்கி வைத்திருந்தேன், அச்சகத்தில் உருளை துடைக்கிறார்களே, அது. பில் இருந்தது, டிரம்மில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. கொட்டை உடைக்கக் கருணாபுரத்திலிருந்து சாலம்மாள் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள், உனக்கு ஆயுத பூஜையன்று பொரி கட்டிக் கொடுத்தாளே, அவள்தான். அந்த ஆனி மாதம் கள்ளச்சாராயத்தில் அவள் வீட்டுக்காரரும் போனது உனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் நான் டிரம்மைத் திறந்தேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் காலையில் போலீஸ். டிரம்மைத் தெரு முழுக்க உருட்டிக்கொண்டே போனார்கள், தூக்கிக்கூடப் போகவில்லை. கொட்டகையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போனார்கள். நான் பில்லை நீட்டிக் கத்தினேன். பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வரட்டும் என்றார்கள். வந்தது. விஷச் சாராயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதித்தான் வந்தது. ஆனால் அதற்குள் நம் உரக்கடை கவியரசன் என் சரக்குக்குச் சாராய மருந்து என்று பேர் வைத்துவிட்டான். அவன் கடையில் இதே வேலைக்கு ஒரு பாட்டில் விற்கிறான், அவன் வேறென்ன பேர் வைப்பான்.

சாவியும் டிரம்மும் திரும்பக் கைக்கு வந்த அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு கருணாபுரம் போனேன். சண்டை போடத்தான் போனேன். நீதானே போய்ச் சொன்னாய் என்றேன். ஆமாம், நான்தான் என்றாள். ஒரு சொல் சுற்றி வளைக்கவில்லை. டிரம்மில் பெயர் ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லையா என்றேன். சாராயம் வித்தவனுங்க பாக்கெட்டுலயும் நல்லாத்தான் ஒட்டியிருந்திச்சி என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "வாசன ஒன்னாத்தான் இருந்திச்சி தம்பி. எங்க வூட்டு ஆளு வந்து படுத்தப்பவும் இதே வாசனதான். தெனமும் குடிக்கிறதுதானேன்னு நான் மோந்துட்டு சும்மா படுத்துக்கினேன். இன்னொருவாட்டியும் சும்மா இருக்கச் சொல்றியா?"

செல்வி, நான் டிரம் வைத்திருந்தது சட்டப்படி தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் போய்ச் சொன்னதும் தப்பில்லை. அந்த ஸ்பிரிட்டும் இந்த ஸ்பிரிட்டும் மூக்குக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்தக் கொம்பனாலும் மோந்து பார்த்துப் பிரிக்க முடியாது. அவள் எப்படிப் பிரிப்பாள்? அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். ஸ்பிரிட் சொட்டுக்கூட இல்லாமல் செய்து காட்டினால் திரும்ப வேலைக்கு வருவாயா? செஞ்சிட்டு கூப்புடு, மோந்து பாத்துட்டு வரேன் என்றாள். டிரம்மை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஊர் சொன்னதற்காக நான் அனுப்பவில்லை, கவியரசன் சொன்னதற்காகச் சத்தியமாக இல்லை. எனக்குத் தண்ணீரிலேயே செய்து காட்ட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

தண்ணீரில் செய்வது லேசு இல்லை. மூன்றாம் நாளே பசை புளித்து நாறியது, அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு இதுக்கு அந்த டிரம்மே தேவலாம் என்றாள். கல்வராயன் மலைக்குப் பூந்திக்கொட்டை வாங்கப் போனபோது வெள்ளிமலைச் சந்தையில் கடுக்காய் குவித்து வைத்திருந்தார்கள். அதன் துவர்ப்பில் கிருமி சீக்கிரம் வளராது என்பது படித்ததுதான், எனக்குத்தான் உறைக்கவில்லை. கொண்டுவந்து அம்மாவின் இரும்புச் சட்டியில் ஊறவைத்தேன், பொழுது விடிந்தால் சட்டி நிறைய மை. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், அதுவும் படித்ததுதான். சட்டி போயிற்று. பிளாஸ்டிக் வாளிக்கு மாறினேன். இப்போது இரண்டு வாரம் கெடாமல் நிற்கிறது. கடையில் வைத்து விற்க அது போதாது, செய்த கையோடு அடிக்கப் போதும்.

இதற்கிடையில் ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். பால் சொசைட்டி அமிர்தம் அக்கா வந்து நேரிலேயே சொன்னார். ஒன்று, அது என்ன என்று எல்லாருக்கும் காட்டு, இல்லையென்றால் கொட்டகையைத் தெருவிலிருந்து எடுத்துவிடு. அவர் பயத்தில் சொன்னார், பகையில் சொல்லவில்லை. காட்டுகிறேன், நம் மரவள்ளிக் கொல்லையிலேயே காட்டுகிறேன், கவியரசனையும் கூட்டிவாருங்கள் என்றேன். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். பிடித்த கையை நான் உதறவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

விஷ மருந்தைக் கலந்து காட்டினால் எல்லாரும் தள்ளித்தான் நிற்பார்கள், அதனால் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை டேங்கில் கலந்தேன். பாவாடை டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டார். முதல் வரிசை வெறும் நீலத் தண்ணீர். இலையில் பட்டது, உருண்டது, மண்ணில் விழுந்தது, அவர் கால்தான் நீலமானது. பார்த்துக்குங்க, மாரியம்மன் கோயில் வேஷம் மாதிரி இருக்குதா என்று காலைத் தூக்கிக் காட்டினார், கூட்டம் சிரித்தது. அடுத்த வரிசைக்கு என் சரக்கு. தெளிக்கிற நாசில் அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை. இன்னாபா, மருந்து வெக்கப்படுது என்றான் கவியரசன். அந்த நிமிஷம் எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது, அடிக்கவில்லை. திப்பிச் சக்கையை நான் சரியாக வடிகட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதுவரை வரப்பில் தள்ளி நின்றிருந்த உன் அம்மா விறுவிறு என்று வந்தாள், டேங்கை இறக்கச் சொன்னாள், தன் தோளிலிருந்த துண்டை நான்காக மடித்து வாளியின் வாயில் கட்டினாள், ஊத்துங்க என்றாள். என்னிடம் சொல்லவில்லை, பாவாடையிடம் சொன்னாள். மறுபடி நிரப்பி அடித்தார். செல்வி, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். துளி விழுந்த இடத்திலேயே படுத்துப் பரவியது. இலை மேல் நீலம், இலைக்கு அடியில் நீலம், பூச்சி உட்கார்ந்திருந்த கொழுந்துச் சந்திலும் நீலம். வரிசை முடிந்து வந்தபோது பாவாடையின் கால் ஈரமாகக்கூட இல்லை.

கவியரசன் விடவில்லை. நீலம் அடிச்சா பூச்சி சாவுமா என்றான். அது நியாயமான கேள்விதான், அவன் கேட்டதற்காக அது நியாயமில்லாமல் போகாது. மறுநாள் பாதி அளவு மருந்தோடு அடித்தோம். அடுத்த வாரம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். முழுதும் சாகவில்லை. கொழுந்தில் இருந்தது செத்தது, தண்டின் கணுவில் ஒளிந்திருந்தது பாதி பிழைத்துக் கிடந்தது. நான் மறைக்காமல் பிய்த்துக் காட்டினேன். முழு அளவு அடித்த பக்கத்துக் கொல்லையிலும் அதே கதிதான், அதையும் அவர்களே போய்ப் பார்த்துக்கொண்டார்கள். கணுவுக்கு என்ன செய்வது என்று நான் இன்னும் யோசிக்க வேண்டும். அதற்குத்தான் கொட்டகை வேண்டும்.

அன்று சாலம்மாளும் வந்திருந்தாள், நான்தான் சொல்லியனுப்பினேன். எல்லார் முன்னாலும் வாளியைத் தூக்கி மூக்கருகே வைத்து மோந்தாள். புளிச்ச கூழு நாத்தம், வேற ஒன்னும் இல்ல என்றாள். அதற்கப்புறம்தான் அமிர்தம் அக்கா பேசினார். "தயாளு, நீ படிச்சவன், பொய் சொல்ல மாட்டே. ஆனா எங்களுக்கு ராத்திரி தூக்கம் வரணும்ல. கொட்டகை சாவி சாலம்மா கிட்ட இருக்கட்டும். உள்ள போற சாமான் எதுனாலும் அது மோந்து பாத்துட்டு போவட்டும்." கவியரசன் வாய்விட்டுச் சிரித்தான். டிப்ளமா படித்தவன் தன் கொட்டகைக்குள் போக வேலைக்காரியிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று நான் துள்ளுவேன் என்று எதிர்பார்த்தான். நான் சாவியை எடுத்து அங்கேயே சாலம்மாளிடம் கொடுத்தேன். எது விஷம் என்று அவள் மூக்கு சொல்லாது. ஸ்பிரிட் என்று எதுவுமே உள்ளே வரவில்லை என்பதைச் சொல்லும். எனக்கு அது போதும், ஊருக்கும் அது போதும். அத்தனை பெரிய ஓசூர் கம்பெனியில் எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்க்க ஒரு ஆள் இருந்ததில்லை, நாங்கள் தலைவலியோடு வேலை பார்த்தோம், அது உனக்குத் தெரியாது.

ஆகவே கொட்டகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓசூருக்கு வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டேன், இனி அதைப் பற்றி நீ வாதாடிப் பயனில்லை. அம்மா இப்போது பால் ஊற்றப் போனால் நின்று பேசிவிட்டு நேரம் கழித்துத்தான் வருகிறாள், அந்தத் துண்டு இன்னும் நீலமாகவே இருக்கிறது, துவைத்தும் போகவில்லை, அதையேதான் போட்டுக்கொண்டு போகிறாள். சந்தேகம் இருந்தால் அவளையே கேள்.

இருமல் இருந்தால் மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே. பரீட்சைக்கு விடிய விடியக் கண் விழிக்காதே. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், சாப்பாட்டின் மேல் காட்டாதே. நீ எடுத்ததை முடிக்கிற பிடிவாதத்தோடும் நோய் நொடி இல்லாத உடம்போடும் நீண்ட நாள் இருக்க நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. பொங்கலுக்கு வரும்போது உன் செண்ட் பாட்டிலையும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரையும் விடுதியிலேயே வைத்துவிட்டு வா. கொட்டகை வாசலில் சாலம்மாள் உட்கார்ந்திருப்பாள், என் மகள் என்று நான் சொன்னாலும் பையைத் திறந்து பார்க்காமல் விடமாட்டாள், நானும் விடச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சொன்ன சொல்லில் நிற்கும்
தீனதயாளன்