நிச்சயத்தில் ஊட்டிய அல்வா

அன்புள்ள சத்தார் பாய்க்கு ஸலாம்.

என் மகள் ஆஃப்ரீனின் நிச்சயத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாராக நீங்கள் ஊட்டிய அல்வாவை நான் கைக்குட்டையில் துப்பியதை எல்லோரும் பார்த்தார்கள். "எங்க அண்ணன் கையால ஊட்டினா கசக்குதா இன்னா?" என்று உங்கள் தங்கை கேட்டார். நான் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று எங்கள் சீர்த்தட்டுகள் திரும்பி வந்துவிட்டன. ஆஃப்ரீனோ, பல்வலி என்று நான் சொல்லி வைத்திருப்பதை நம்பிக் கஞ்சி கரைத்துத் தந்தாள்.

சில மாதங்களாகவே கெட்டியாக எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. புற்றுநோயோ என்று பயந்தேன். தெரிந்தால் நீங்கள் சம்பந்தத்தை விட்டுவிடுவீர்களோ என்றும் பயந்தேன்.

கழுத்துவலியும் இருந்ததால், நிச்சயம் முடிந்த மறுநாள் காட்பாடியில் கழுத்து, முதுகெலும்பை நீவிச் சரிசெய்யும் ஒரு கைரோபிராக்டரிடம் போனேன். நாம் இருவரும் தோல் தொழிற்சாலையில் குனிந்து ரகம் பிரித்த கழுத்துதானே, நெட்டி முறித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "விழுங்க முடியலன்றீங்க. எக்ஸ்ரே படம் பார்க்காம இதுல கை வைக்க மாட்டேன் பாய்" என்று மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். கழுத்தெலும்பின் முன்புறம் எலும்பு முள்போல் வளர்ந்து உணவுக்குழாயை அழுத்துகிறதாம். புற்றுநோய் இல்லை.

மோவாயை நெஞ்சோடு சேர்த்து, குனிந்து விழுங்கச் சொல்கிறார்கள். அன்று மரியாதைக்காக நிமிர்ந்து வாயைத் திறந்தேன், அடைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தட்டுகளோடு வருகிறேன். எல்லோர் முன்னாலும் மறுபடி ஊட்டுங்கள். நகமளவு போதும், தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். அப்போதும் இறங்காவிட்டால் என்னைத் திருப்பி அனுப்புங்கள். தட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்கள் தோஸ்த்