பின்னால் வருகிறவன்

அன்புள்ள தாடிக்கு,

நலம். நீயும் உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சியும் நலமா? போனில் கூப்பிட்டால் அப்புறம் பேசுறேன்டா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கல்யாணமாகி நீ ஊர் மாறிப் போன பிறகு, பம்ப் ஹவுஸில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. எல்லா மோட்டாரும் என் தலையில்.

நாம் திட்டம் போட்டுப் போட்டுத் தள்ளிவைத்த பனி ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்தத் தடவையும் லீவு இல்லை என்றாய். எனக்குப் பொறுமை போய்விட்டது. அடிவாரத்து கேட்டில் தனி ஆளை விடமாட்டார்களாம். கூட வர்றவன் கடையில தண்ணி வாங்குறான், பின்னாடியே வந்துடுவான் சார் என்று காவலரிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

மெதுவா போடா என்று கத்த ஆளில்லை. மூச்சிரைக்க ஏறினேன். மேலே பையைத் திறந்தால் பிஸ்கட் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால்தான். இதைச் சொன்னால் நீ கொட்டாவி விடுவாய். ஏரி, பால் கலந்த பச்சை. பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் அந்த நிறம். அக்கரையில் பனி வெடித்து ஒரு சத்தம் வந்தது. கேட்டியா என்று திரும்பினேன். பை மட்டும் இருந்தது. பாக்கெட்டைப் பிரிக்காமலே இறங்கிவிட்டேன்.

கேட்டில் அதே காவலர். கூட்டாளி எங்கப்பா, நான் டீ குடிக்கப் போனப்போ ஏறிட்டான் போல, இன்னும் இறங்கலையே என்றார். எனக்குக் கடைசி பஸ் அவசரம். வந்துடுவான் என்றேன். இருட்டப் போகுது, அடையாளம் சொல்லு என்று மறித்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், வந்தது நீதான். தாடி வச்சிருப்பான், வலது காலைச் சாய்ச்சு நடப்பான், பாதி வழியில உக்காந்து பாடுவான், கூப்பிட்டா லேசுல எழுந்திருக்க மாட்டான். அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தேடுவதற்கு ஆள் கூப்பிட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு தண்ணீர் கொடுத்து, வராத ஆளுக்கா இவ்வளவு அடையாளம் சொன்னே என்று கேட்டார். பஸ் போய்விட்டது. அவர் அறையிலேயே படுத்தேன்.

இனிமேல் உன்னைக் கண்ணால் பார்த்தால்தான் கேட்டைத் திறப்பாராம். பனி பாதையை மூடுவதற்குள் வா. முடியாதென்றால் அதையாவது எழுது. மலையடியில் நின்று ஒரு மனிதர் உனக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்காகவாவது.

இருவரும் நன்றாக இருங்கள்.

உன் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்காத
அறைத் தோழன்