நீ படிக்காமல் போட்ட கையெழுத்து

போதும், பேசாமல் இருந்தது. நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது.

இன்று காலை நம் தெருக்கோடியில் இருக்கும் காட்டுக்குள் போனேன். மார்ச் முடியப் போகிறது. பனி கரைந்து தரை சொதசொதவென்று கிடக்கிறது. பத்தடி வைப்பதற்குள் அந்த வாடை வந்துவிட்டது. ஸ்கங்க் கேபேஜ், சதுப்பில் முளைக்கும் நாற்றச் செடி. நீ அதற்குப் பெருங்காயச் செடி என்று பெயர் வைத்திருந்தாய். "இது முளைக்கிற இடத்துல வீடு கட்டினா பேஸ்மென்ட்ல மீன் வளக்கலாம்டா" என்பாய். செடி அதே பள்ளத்தில் அதே திமிரோடு முளைத்திருக்கிறது. ஆனால் சுற்றி நின்ற மரங்களில் எல்லாம் சர்வேக்காரர்கள் வெட்டுவதற்கு அடையாளமாக ரோஸ் நிற ரிப்பன் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாநிலத்தின் அனுமதி இன்னும் வரவில்லை. அதற்குள் ரிப்பன் வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். இதை வேறு சிலரும் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பதினெட்டு ஏக்கர் காடு இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொந்தம். நம் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் அதைக் கேட்டது. பதிலுக்கு, ஹைவே ஓரத்தில் தன்னிடம் சும்மா கிடந்த முப்பது ஏக்கர் பழைய ஆப்பிள் தோட்டத்தைத் தருவதாகச் சொன்னது. நிலத்துக்கு நிலம். காட்டை அழித்து விளையாட்டுத் திடல், பார்க்கிங் லாட், பெரிய ஹால். அந்த ஹாலில் வாரக் கடைசிகளில் நம் தமிழ்ச் சங்கத்துக்கு முன்னுரிமை. பதினெட்டைக் கொடுத்து முப்பது வாங்கினால் ஆணையத்துக்கு லாபம்தானே என்று எல்லோரும் கேட்டார்கள். நீ ஒருவன்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏக்கரை ஏக்கரால கழிக்கறானுங்க. இந்தப் பள்ளம் குடிக்கிற தண்ணிய ஆறு மைல் தள்ளி இருக்கற அந்த மேடு வந்து குடிக்குமா?" என்றாய்.

அது உனக்குப் புரிந்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் புரிந்தது என்பதுதான் விஷயம். திருச்சியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிவில் படித்தவர்கள். நான் சாஃப்ட்வேருக்குத் தாவினேன். நீ மழைநீர் வடிகாலை விடவில்லை. இங்கே அமெரிக்காவுக்கு வந்தும் இருபது வருடம் அதையே வரைந்துகொண்டிருந்தாய். சாக்கடைக்காரன் என்று நான் கேலி செய்வேன். "உன் புரோகிராம் ஓடலேன்னா ரீஸ்டார்ட் பண்ணுவே. என் தண்ணி ஓடலேன்னா ஊரே முழுகும்" என்று திருப்பிக் கொடுப்பாய். உனக்கு மூன்று வருடம் முன்னால் மனுப் போட்ட காரணத்தால் எனக்கு கிரீன் கார்டு வந்தது, பிறகு சிட்டிசன்ஷிப்பும் வந்தது. நீ வரிசையிலேயே நின்றாய். கடைசி வரை வரிசையிலேயே நின்றாய்.

அந்தப் பொங்கல் விழாவை நான் மறக்கவில்லை. ஹைஸ்கூல் கேஃபட்டீரியாவில் நானூறு பேர். சங்கத் தலைவர் எங்கள் ஆறு பேரிடம் ஆளுக்கொரு கிளிப்போர்டு கொடுத்தார். "லஞ்ச் லைன்லயே வாங்கிடுங்க சார், அப்புறம் ஒருத்தரும் சிக்க மாட்டாங்க" என்றார். தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில், நமக்கொரு சமூகக் கூடம் என்று இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. நிலப் பரிமாற்றத்தை இந்தியச் சமூகம் முழுமனதாக ஆதரிக்கிறது என்று அந்தப் பத்தி சொன்னது. நம் ஆட்கள் இடது கையில் தட்டை ஏந்தி, வலது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். "சாப்பாட்டுக் கவுன்ட்டா?" என்று ஒரு மாமி கேட்டார். "ஆமாம் மாமி, போடுங்க" என்றேன். அவருக்குப் பின்னால் நீ நின்றாய்.

"என்னடா இது?"

"ஹாலுக்கு. சும்மா போடு."

நான் சொன்னதால் நீ போட்டாய். வடை ஆறிவிடும் என்று அவசரப்பட்டாய். அந்தப் பொடி எழுத்தை நீ படிக்கவில்லை. நான் படித்திருந்தேன். இதை நேற்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரலில் டவுன்ஷிப் கூட்டம். வருகிறவர் யாராக இருந்தாலும் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். நம் ஆட்கள் யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். விசா இருக்கிறது, எதற்கு வம்பு என்பார்கள். நீ அன்று காரில் வரும்போதே சொன்னாய்: "எனக்கு ஓட்டு கிடையாது. இந்த மூணு நிமிஷம்தான் இருக்கு. அதையும் விட்டா நான் இந்த ஊர்ல என்னதான் பண்றேன்?"

மைக் முன்னால் நின்று நீ நன்றாகத்தான் ஆரம்பித்தாய். பள்ளம் எவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறது, அதை மூடினால் எந்தெந்தத் தெருவின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறும், அந்த ஆப்பிள் தோட்டத்து மண்ணில் எத்தனை காலத்துப் பூச்சி மருந்து ஊறியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினாய். நடுவில் மேடையில் இருந்த ஒருவர் கையை உயர்த்தினார். அவர் கையில் நம் பொங்கல் தாள். இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று மரியாதையாகக் கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த சங்கத் தலைவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

நீ தாளை வாங்கிப் பார்த்தாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். நீ காட்டவில்லை. ஆமாம், என்னுடையதுதான், படிக்காமல் போட்டுவிட்டேன், இப்போது படித்தேன், நான் ஆதரிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய். மீதி இருந்த நாற்பது நொடிக்கும் தண்ணீரைப் பற்றியே பேசினாய். மணி அடித்தது. நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். தீர்மானம் நிறைவேறியது.

பார்க்கிங் லாட்டில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். நீ கேட்டது ஒன்றுதான்.

"நீ எழுந்து சொல்லியிருக்கலாமேடா. ஓட்டு இருக்கறவன் நீதானே?"

உன் மீது எனக்குக் கோபம் உண்டு என்றால் அது இதற்காகத்தான். ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டாய். அதன் பிறகு நாம் பார்த்துக்கொண்டால் தலையாட்டினோம், அவ்வளவுதான். அடுத்த ஜனவரியில் ஒரு காலை, ரயில் பிடிக்க நடந்து போனவன் ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாயாம். நீ போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. விசா உன் பெயரில் இருந்தது. நீ போனதும் உன் மனைவியும் பையனும் இங்கே இருக்க வழியில்லை என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட வருடம் முடியும் முன்பே திருச்சிக்குப் போனார்கள். ஏர்போர்ட்டில் உன் பையன் என்னிடம், திரும்பி வர முடியுமா அங்கிள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

போன வாரம் சங்கத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய ஹாலுக்கு உன் பெயரை வைக்கப் போகிறார்களாம். சமூகத்துக்காக உழைத்தவர், மண்ணை நேசித்தவர், குடும்பத்தாரின் அன்பான சம்மதத்தோடு என்று எழுதியிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை மாநிலத்தின் கடைசி விசாரணை. அங்கே உன் படத்தையும் கொண்டுபோகிறார்கள்.

உன் மனைவிக்குப் போன் செய்தேன். சம்மதம் கொடுத்தாயாம்மா என்று கேட்டேன்.

"ஹால்னு சொன்னாங்கண்ணா. பையனுக்குப் பெருமையா இருக்கட்டும்னு சரின்னுட்டேன். எந்த இடம்னு அவங்க சொல்லலியே. எந்த இடம்ணா?"

சொன்னேன். பிறகு, "வேணாம்னு சொல்லிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். அன்றே எழுதியும் அனுப்பினாள்.

தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க எமோஷனலா பேசுறீங்க சார். அவர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். அவன் இருந்திருந்தால் உங்களிடம் மூன்று நிமிடம் கேட்டிருப்பான் என்றேன். "எலெக்‌ஷன்ல தோத்தது இன்னும் ஆறலை போல" என்றார். ஆறவில்லைதான். போன வருடம் அவரை எதிர்த்து நின்று தோற்றவன் நான். அந்தக் கசப்பு எனக்கு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கசப்புள்ளவன் சொல்வதால் பொடி எழுத்து பெரிய எழுத்தாகிவிடாது.

மாநில அலுவலகத்துக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். கிளிப்போர்டு பிடித்தவர்களில் நான் ஒருவன், மதியச் சாப்பாட்டு வரிசையில் விஷயத்தை மறைத்து வாங்கினேன், என் தாளில் இருக்கும் கையெழுத்துகளை ஆதரவு என்று எண்ணக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். உன் மனைவியின் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். "இப்ப எதுக்குங்க இதெல்லாம், நாலு பேர் மூஞ்சில முழிக்க வேணாமா?" என்றாள் என் மனைவி. நாலு பேர் என் முகத்தில் விழிக்கட்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை போய்ப் பெயரும் விலாசமும் சொல்லி மூன்று நிமிடம் பேசுவேன். காடு பிழைக்குமா என்று தெரியாது. பெரும்பாலும் பிழைக்காது. உன் பெயர் அந்தச் சுவரில் ஏறாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பார்க்கிங் லாட்டில் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் அது தீராது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மடலை நாளை இந்தியக் கடையின் நோட்டீஸ் போர்டில் குத்தப் போகிறேன், பரதநாட்டிய வகுப்புக்கும் வாடகை அறைக்கும் நடுவில். டவுன்ஷிப் ஆட்களால் இதைப் படிக்க முடியாது. படிக்கக்கூடியவர்கள் அன்று தட்டோடு வரிசையில் நின்றவர்கள்தான். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. என் பெயரைக் கீழே போட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இவனா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, கறிவேப்பிலை எடுக்கப் போய்விடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் யார் எழுதியது என்று தெரிந்துகொள்ளாமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஆனால் அதற்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாக வேண்டும்.

படிக்கட்டும். கையெழுத்துப் போடாமல் குத்துகிறேன்.