நடுக்கோட்டை விட்டு அசையாத புள்ளிகள்

அன்பிற்குரிய தம்பிக்கு,

இறையருளால் நாங்கள் நலம். புதிய ஊரும் புதிய பதவியும் உனக்கு நலம் தர, காலை வழிபாட்டில் தவறாது வேண்டுகிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி சற்றே தணிந்திருக்கிறது.

எழுத வந்தது வேறு. நீ மாற்றலாகிப் போகுமுன் வரைந்த கடைசி எடை வரைபடத்தை மருந்தாலைச் சுவரில் நானே ஒட்டினேன். அரைமணிக்கொருமுறை ஐந்து மாத்திரைகளை எடைபோட்டு, சராசரியை ஒரு புள்ளியாக இடுகிறோம். மேலும் கீழும் இருக்கும் சிவப்புக் கோடுகளுக்குள் புள்ளி ஏறியிறங்குவது இயந்திரத்தின் இயல்பு. தாண்டினால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். உன் புள்ளிகளோ மூன்று நாளும் நடுக்கோட்டிலேயே நின்றன. புலனடங்கிய அடியார் நெஞ்சம் போல என்று புகழ்ந்து கையெழுத்திட்டேன். ஓடும் இயந்திரம் அப்படி அசையாதிருக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், தம்பியின் கை என்றதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நேற்று, தராசு பழுதுபார்ப்பவர் வந்தார். வரைபடத்தின் தேதியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அந்த மூணு நாளும் இந்த மெஷின் தராசு எங்க பட்டறையிலதானே சார் இருந்துச்சு! எதுல எடை போட்டீங்க, உள்ளங்கையிலயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

அவை குழந்தைகளுக்கான காய்ச்சல் மாத்திரைகள். கிடங்கில் எஞ்சியவற்றை, செய்த நேர வரிசைப்படி வேறு தராசில் இட்டேன். இரண்டாம் நாள் மதியத்திலிருந்து எடை ஏறிக்கொண்டே போய் மேல்கோட்டைத் தாண்டுகிறது. பாதிப் பெட்டிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அந்த மூன்று நாளும் என் பக்கத்தில் அமர்ந்துதானே சாப்பிட்டாய்? "தராசு இல்லை அண்ணா" என்ற ஒரு சொல்லுக்கு உன் வாயில் இடமில்லையா?

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பார்க்காமல் கையெழுத்திட்டது நான் என்றும், புள்ளியிட்டது நீ என்றும் சொன்னேன். அந்த மூன்று நாள் பெட்டிகளைத் திரும்ப வரவழைக்கிறார்கள். அதற்கு முந்திய மாதங்களில் உன் புள்ளிகளில் எவை மெய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாது என்று முதன்முறையாகச் சொன்னேன்.

ஆறு முறை அழைத்தும் நீ தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே ஆலை வண்டியின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பொய்ப்புள்ளி இட்ட நாள்கள் அனைத்தையும் எழுதி அவர் கையில் கொடு. அதுவரை உன் வாசலில் நிற்பார்.

பிறக்கப்போகும் உன் குழந்தைக்குக் காய்ச்சலே வராதிருக்க இறைவன் காக்க.

உன் அண்ணன்