கிளட்ச் இல்லாத வண்டி

இன்று காலை களமசேரியில் ஒரு வீட்டு முற்றத்தில் விற்பனைக்கு ஒரு பழைய கார் நின்றது. நம் மாப்பிள்ளை அதன் முன்மூடியைத் தூக்கி, கியர் ஆயில் அளக்கிற கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார். நம் பெண் சுமதி ஓட்டப் பழகுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆட்டோமேட்டிக் வண்டியாகத் தேடுகிறார். நான் அந்தக் கைக்குட்டையை வாங்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். விற்க வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கருகல் வாடை இல்லை. நல்ல எண்ணெயின் வாசம்தான். "என்ன அத்தை, எத்தனை வருஷம் ஓடும்?" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது. ஆனால் மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது? நீங்கள் இருந்த காலத்திலும் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க' என்றால் திரும்புவீர்கள். அதையே இப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இங்க பாருங்க, உங்களிடம் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது.

சர்க்கரை உங்கள் இடது காலைப் பெருவிரலில் பிடிக்கத் தொடங்கி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கும்படி ஆக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அழாத நீங்கள், வாசலில் நின்ற பழைய வண்டியை விற்ற அன்று அழுதீர்கள். மிளகுத் தரகருக்கு வண்டி இல்லாமல் முடியாது. மலை ஏறிப் போய்க் களத்தில் காய்கிற மிளகைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "என் வண்டியில நானே மூட்டை மாதிரிப் பின்னால கிடக்கணுமா?" என்று கத்தினீர்கள். அதற்குப் பிறகு பஜாருக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். மட்டாஞ்சேரியில் நம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கிடங்குகளின் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இந்த மனிதரைச் சர்க்கரை கொல்லாது, இந்த நாற்காலிதான் கொல்லும் என்று எனக்குப் பயம் வந்தது.

ஒருமுறை டாக்டரிடம் போக நாம் பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் உங்கள் வேட்டிக்குள் மிச்சமிருந்த கால் லேசாகத் துள்ளியது. நான் பார்த்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். "இல்லாத காலு கிளட்ச மிதிக்குதுடி" என்றீர்கள். சிரிக்கத்தான் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் உங்களுக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்று லைசென்ஸ் ஆபீஸில் சொன்ன அன்று, பல மாதங்களுக்குப் பிறகு நீங்களாகவே ஒரு சாயா கேட்டீர்கள். அன்றிலிருந்து தேடல் ஆரம்பித்தது. ஆட்டோமேட்டிக் வண்டி அப்போது நம் ஊரில் அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது ஏதாவது கைமாறினால்தான் உண்டு. மூன்று குழந்தைகளோடு நாம் ஐந்து பேர் உட்கார வேண்டும், உங்கள் ஊன்றுகோல்களுக்கு இடம் வேண்டும், கையில் இருந்த பணத்துக்குள்ளும் அடங்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் இரண்டு வண்டிகள் அகப்பட்டன. முதலாவது ஆலுவாவில். குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. உள்ளே இன்னும் புதுமணம் போகவில்லை. நீங்கள் ஆயில் கம்பியை உருவி, இரண்டு விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனீர்கள். மிளகில் ஈரம் இருக்கிறதா, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று மூட்டைக்குள் கைவிட்டு எடுத்து மோந்தே சொல்கிற ஆள் நீங்கள். உங்கள் மூக்கைப் பஜாரே நம்பியது. முகத்தில் மட்டும் எதையும் காட்ட மாட்டீர்கள். பிடித்தது என்று காட்டினால் விலை ஏறும், பிடிக்கவில்லை என்று காட்டினால் விற்கிறவன் மனசு நோகும் என்பீர்கள். தரகர்களுக்கு இதுதான் முதல் பாடமாம். ஆலுவாவிலும் அதே முகம்தான்.

எனக்கு அந்த வண்டியை விட மனசே இல்லை. கையில் இருப்பது போதாதுதான். என் வளையல்களைச் சேர்த்தால் போதும். அதைச் சொன்னதும் நீங்கள் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தீர்கள்.

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு, பாத்தியா?"

"அதுக்கென்ன? பழகிக்கலாமே."

"முன்னால போற பஸ்ஸை முந்தணும்னா நீதான் அந்தப் பக்கத்துலேர்ந்து தலைய நீட்டிப் பாத்துச் சொல்லணும். உன் வாய நம்பி நான் வண்டி ஓட்டணுமா?"

குவைத்துக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு விஷயத்தில் இந்த மனிதருக்குக் கை இறுகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வண்டி உங்கள் சிநேகிதர் யூசுப்புடையது. அவரும் மிளகு வியாபாரி. கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார். பழைய இங்கிலாந்து வண்டி, அகலமான சீட்டு, ஸ்டியரிங் நம் பக்கம். நீங்கள் அதில் ஏறி உட்கார்ந்து கிடங்கு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். வண்டி நகர்ந்ததும் வேட்டிக்குள் அந்தக் கால் துள்ளியது. இரண்டாவது வளைவில் இன்னொரு முறை. அதற்கப்புறம் அடங்கிவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு இல்ல?" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இறங்கியதும் கம்பியை உருவி மோந்தீர்கள். முகம் மறுபடியும் தரகர் முகமாகிவிட்டது. துண்டை எடுத்து யூசுப் கைமேல் போட்டீர்கள். ஏலக்கூடத்தில் கூச்சல் போட்டுத்தான் வியாபாரம் நடக்கும். ஆனால் உங்களைப் போன்ற பழைய ஆட்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போது துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அன்று துண்டு ரொம்ப நேரம் அசைந்துகொண்டே இருந்தது. யூசுப் உங்களையே உற்றுப் பார்த்தார், ஒரு முறை என்னையும் பார்த்தார். பிறகு துண்டு நின்றது. கை பிடித்தாகிவிட்டால் பேச்சு மாறக்கூடாது என்பது உங்கள் வழக்கம். விலை நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. அன்று ராத்திரி வளையல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு, என் புருஷனைப் போலச் சாமர்த்தியசாலி இந்தக் கொச்சியில் இல்லை என்று பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு வந்த காலத்தை எப்படிச் சொல்ல? நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். பஜாருக்குப் போனீர்கள், கோதமங்கலம் பக்கம் மலைக்குப் போனீர்கள். ஆலுவா ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே சாயா கிளாஸை வாங்கிக் குடித்தோம். பாலக்காட்டில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனோம். கல்யாணப் பந்தலில் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை விட்டிருந்த உங்கள் பெரியப்பா மகன் வீட்டுக்கும் போய் அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். என்ன திடீரென்று இவ்வளவு உறவுப் பாசம் என்று நான் கேலி செய்தேன். "வண்டி இருக்கு, சுத்தறேன். உனக்கென்ன வலிக்குது?" என்றீர்கள். கொட்டுகிற மழையில் வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஆட, குழந்தைகள் பின்னால் கத்திப் பாட, நீங்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினீர்கள். நாம் நாலு இடம் போய் வருகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். நீங்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம், தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. தள்ளிக்கொண்டு போய் அந்தோணி சேட்டனின் ஒர்க்ஷாப்பில் விட்டோம். அவர் கியர் ஆயிலை ஒரு தட்டில் வடித்துக் காட்டினார். கறுத்துப்போயிருந்தது. இதற்குச் சாமான் இந்த நாட்டில் கிடைக்காது என்றார். பிறகு சாதாரணமாக, "இது பண்டே கருகினதாணு சேச்சி. வாங்கும்போதே ஒண்ணு மணத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஊன்றுகோலைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்து, குழந்தைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன் கேட்டேன்.

"அன்னைக்கு மோந்து பாத்தீங்களே. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"யூசுப்புக்கும் தெரியும். பாவம், துண்டுக்கடியில விரல உருவி உருவிப் பாத்தான், எனக்கு விக்க மாட்டேன்னு. நான் பிடிச்ச பிடிய விடல."

"ஏன்?"

நீங்கள் ஜன்னலுக்கு வெளியே கிடங்குச் சுவரைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "கிட்னி போயிட்டிருக்குன்னு வண்டி தேடறப்பவே டாக்டர் சொன்னாரு. உன்ன வெளியில உக்கார வச்சுட்டுத்தான் சொன்னாரு. ஒரு வருஷம், கூடினா ஒண்ணரை. இந்த வண்டியும் அவ்வளவுதான் ஓடும்னு தோணிச்சு. எனக்கு அது போதும். பின்ன, நெடுநாள் ஓடற வண்டிக்கு உன் வளையல வித்துட்டு, நான் போனப்புறம் நீ அத வாசல்ல வச்சுத் தொடச்சிட்டு இருப்ப. உனக்கு ஓட்டவும் தெரியாது." என் முகத்தைப் பார்த்து, சமாதானம் செய்வது போலச் சொன்னீர்கள்: "வண்டி கொஞ்சம் முந்திக்கிச்சு. அவ்வளவுதான்."

அழுகை வரவில்லை எனக்கு. கையில் இருந்த பாத்திரத்தைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று சத்தம் போட்டேன். நீங்கள் தடுக்கவில்லை. பஜாரில் விற்கிறவனிடம் காட்ட வேண்டிய முகத்தை ஒரு வருஷம் முழுக்க, பக்கத்தில் படுத்துக்கொண்டு, எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். நான் என்ன விலை ஏற்றிவிடுவேன் என்று பயந்தீர்கள்?

மூன்று மாதம்கூட ஆகவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். வண்டியை யூசுப்பே ஆள் விட்டு இழுத்துக்கொண்டு போனார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கை பிடித்தது பிடித்ததுதான் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நான் வாங்கவில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "ஞான் கை விட்டிருக்கணும் சேச்சி" என்றார். அவருக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

வளையல்கள் சுமதியின் கல்யாணம்வரை வந்தன. அவளை வழியனுப்பும்போது வளையல்களை விற்கவிடாத உங்கள் முன்யோசனையை எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன். இருப்பதில் எது நமக்குப் போதும் என்று பார்த்து வாங்க உங்களைப் போல ஒரு ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வருஷத்தை யார் என்ன விலை கொடுத்தாலும் நான் திருப்பித் தர மாட்டேன்.

ஆனாலும் ஒன்று எனக்கு ஆறவே இல்லை. டாக்டர் சொன்னது சொன்னதுதான், வண்டிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான் ஆலுவா வண்டியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதை வாங்கியிருக்க வேண்டும். அத்தனை நல்ல வண்டி ஓடத் தயாராக வாசலில் நிற்கும்போது, நீங்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டீர்கள்.