வலது கை

நவம்பர் 18
முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டேன், உப்பு கூடிவிட்டது. சாயங்காலம் பள்ளியிலிருந்து ஃபாங் டீச்சர் போன் செய்தார். தூரிகை வகுப்பில் பிள்ளைகள் எழுதும்போது பின்னால் வந்து தூரிகையைச் சட்டென்று உருவிப் பார்ப்பார், பிடி உறுதியா என்று. என் மகள் மான்யுவின் தூரிகை வரவே இல்லையாம். "ரெண்டு கையாலயும் இழுத்தேங்க. ஒன்பது வயசுப் பொண்ணுக்கு இது என்ன பிடி!" சிரித்தார், சிரிப்பில் பாதி பயம். எனக்குப் பெருமைதான்.

நவம்பர் 23
அவள் எழுதிய தாளைப் பார்த்தேன். செங்குத்துக் கோடு ஒவ்வொன்றும் அடியில் இடப்பக்கம் சாய்கிறது. இது என் வீட்டுக்காரர் தேஷெங்கின் எழுத்தல்லவா? பக்கத்து வீட்டுக் கதவில் புத்தாண்டுக்கு அவர் எழுதி ஒட்டிய சிவப்புத் தாள் இன்னும் இருக்கிறது. ஓடிப்போய் ஒப்பிட்டேன். அச்சு அசல். அதை ஒட்டிய மறுவாரம்தான் உறைந்த ஆற்றில் பனி உடைந்து, அவர் போய்ச் சேர்ந்தார்.

அழுதேன். சந்தோஷத்தில்தான், பொய் சொல்வானேன்.

நவம்பர் 24
அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 29
பக்கத்து வீட்டு சியு அக்கா வந்தாள். "அப்பன் கை அப்படியே எறங்கியிருக்கு பாரேன்! எங்க கதவுக்கு இந்த வருஷம் இவளே எழுதட்டும்."

மான்யு நிமிரவில்லை. இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வலது கைக்கு என்னடி வந்துச்சு?"

"அது அப்பாகிட்ட இருக்கும்மா."

சியு அக்கா தேநீரைத் தொடாமலே கிளம்பிவிட்டாள்.

டிசம்பர் 2
அந்தக் கை மட்டும் ஜில்லென்றிருக்கிறது. வைத்தியர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லையாம்!

டிசம்பர் 5
"அப்பா என்ன சொல்றாருன்னு எழுது கண்ணு" என்றேன். நான் ஒரு தாயா?

கட்டம் போட்ட தாள் முழுக்க ஒரே வார்த்தை. குளிர். குளிர். குளிர். பாதியில் அவள் அழ ஆரம்பித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. எரித்தால் செத்தவர்களுக்குப் போய்ச் சேருமென்று ஊரோடு ஊராகக் காகிதச் சட்டை, காகிதக் கம்பளி எல்லாம் எரித்து அவருக்கு அனுப்பினேனே, என்ன குறை வைத்தேன்?

கத்திவிட்டேன். "செத்தும் புத்தி வரலியாய்யா உனக்கு? பச்சப்புள்ளய்யா அவ! விடு அவள. பிடிக்க ஒரு கை வேணும்னா என் கையப் பிடி."

தூரிகை மேசையில் விழுந்தது.

டிசம்பர் 9
மான்யு வலது கையால் சாப்பிட்டாள். இரண்டு கிண்ணம்.

டிசம்பர் 16
ஃபாங் டீச்சர் மறுபடி போன். "என்னாச்சுங்க இவளுக்கு? எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு!"

"இருக்கட்டும் டீச்சர்."

ஒரு புகாரை இவ்வளவு நிம்மதியாக நான் கேட்டதே இல்லை.

அடுப்படியிலும் நான் வலது கையின் கம்பளிக் கையுறையைக் கழற்றுவதில்லை. கேட்பவர்களிடம் வெடிப்பு என்கிறேன். பரபரவென்று எழுதித் தள்ளுகிறவள் நான். இந்தப் பக்கத்தை இவ்வளவு நிதானமாக எழுதுவது நானில்லை. போ என்றால் போய்விடுவார், தெரியும்.

சொல்லத்தான் வாய் வரவில்லை.